நாலாவது கொண்டை ஊசி

என் தலையில் எப்போதும் நாலு கொண்டை ஊசிகள் இருக்கும். இரண்டு காலும் ஒரு வளைவும் உள்ள, கறுப்பு வண்ணம் பூசிய சாதாரண ஊசிகள். சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் ஓர் அட்டை வாங்கினால் ஒரு வருடத்துக்கு வரும். அதில் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஊசியை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத வரவில்லை.

அவர் பெயர் இஞ்ஞாசி. கட்டியவர் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று என் அம்மா கடைசிவரை நம்பினார். நான் அவருக்குச் செய்திருப்பதைப் பார்த்தால், பெயரைச் சொல்வதெல்லாம் ஒரு குற்றமே இல்லை.

அவர் பிறந்தது செம்பவாங்கில், வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். பதினாறு வயதில் அந்தத் தளத்திலேயே வண்டிப் பட்டறையில் சேர்ந்தார். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதும் வேலை போனது. மூன்று வருடம் பஸ் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, எழுபத்து நாலில் ரோவல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தைப் பிடித்துப் பட்டறை போட்டார். அதே வருடம் லூர்து மாதா கோவிலில் என்னைக் கட்டிக்கொண்டார். கல்யாணப் பூசைக்கு வந்தபோதும் நகத்தில் கிரீஸ் இருந்தது. பிள்ளை குட்டி இல்லாததால் நானும் பட்டறைக்கே போய்விடுவேன். கூட்டுவது, தேநீர் போடுவது, போன் எடுப்பது, ரசீது எழுதுவது எல்லாம் நான்.

கையில் எடுத்த சாமானை எண்ணாமல் அவர் எந்த வண்டியின் பானெட்டையும் மூடமாட்டார். கடற்படைத் தளத்தில் பழகியது. ஒரு மஞ்சள் துணியை விரிப்பார். அதன் மேல் பன்னிரண்டு சாமான்கள் வரிசையாக இருக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். பன்னிரண்டு வந்தால்தான் பானெட் இறங்கும். பதினோரு சாமான் இருந்தால் வண்டிக்காரர் தலைகீழாக நின்றாலும் சாவி கிடைக்காது. “கல்யாணத்தப்ப இப்படி எண்ணிப் பாத்தீங்களா, ஒரு பொண்டாட்டிதானான்னு?” என்று நான் கேலி செய்வேன். சிரிக்கவும் மாட்டார், எண்ணுவதை விடவும் மாட்டார்.

இனி டைமிங் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். நான் பதினாலு வருடம் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி வந்து முட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தீப்பொறி விழ வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் டைமிங். ரொம்ப முந்தி விழுந்தால் எஞ்சின் டக் டக்கென்று அடிக்கும். பிந்தி விழுந்தால் வண்டிக்கு இழுவையே இருக்காது. பழைய வண்டிகளில் அவர் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் திருப்பி, நான் தேநீர் ஆற்றுவதற்குள் முடித்துவிடுவார்.

எண்பத்தாறில் இ.எஃப்.ஐ. வண்டி ஒன்று முதல்முதலாகப் பட்டறைக்கு வந்தது. அதில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்து அனுப்பும். தீப்பொறியையும் அதுவே முன்னே பின்னே நகர்த்தும். இவருக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் லைட்டை அடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, சரியென்று அனுப்பிவிட்டார். மூன்றே நாளில் வண்டி திரும்பி வந்தது. மாடிப்படி ஏறும் கிழவர் மாதிரி மூச்சு வாங்கியது. இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு ஜப்பானியப் புத்தகத்தைப் பிடித்தார். எழுத்து ஒன்றும் புரியாது, படம் மட்டும்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதற்குள் துளைகள், இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு கோடு.

அந்த இரண்டு துளைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால் கம்ப்யூட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் பத்து டிகிரியில் டைமிங் வைக்க முடியும். வைத்து முடித்ததும் கம்பியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் கம்ப்யூட்டர் கட்டிய கையை அவிழ்க்காது. வண்டி தெருவில் சாதாரணமாகத்தான் ஓடும். நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தால் ஏறாது, சூடு மட்டும் ஏறும்.

அன்றைக்குப் பட்டறையில் இருந்த கம்பி எதுவும் அந்தத் துளைகளுக்குச் சேரவில்லை. அவர் என் தலையைப் பார்த்தார். அப்படித்தான் அந்த ஊசி வேலைக்குப் போனது. மின்சாரம் பாயட்டும் என்று இரண்டு நுனியிலும் கறுப்பு வண்ணத்தைப் பிளேடால் சுரண்டினார். அதற்குப் பிறகு இ.எஃப்.ஐ. வண்டி வந்தால் கையை மட்டும் நீட்டுவார். நான் கொண்டையிலிருந்து உருவிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிச் செருகிக்கொள்வேன். எனக்கு அதில் ஒரு பெருமை, பொய் சொல்வானேன். அந்த ஊசி மட்டும் மஞ்சள் துணியில் ஏறவே இல்லை. அவர் எண்ணும் பன்னிரண்டில் அது கிடையாது. அதைக் கேட்டு வாங்குவது என் பொறுப்பு.

எண்பத்தெட்டு மார்ச் மாதம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை கோவிலில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினாலு நிலைகளாக வாசித்து வேண்டுவது. ஒன்பதாம் நிலையை இஞ்ஞாசி வாசிக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் அஹமது கபீர் பாய் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கெர்பாவ் ரோட்டில் மசாலாச் சாமான் கடை வைத்திருந்தவர். மாதம் ஒருமுறை மலேசியாவில் மூவாருக்குத் தனியாகப் போய், அங்கே ஒரு மொத்த வியாபாரியிடம் சரக்குப் பேசிவிட்டு மறுநாள் வருவார். அடுத்த நாள் காலை பயணம். புது இ.எஃப்.ஐ. வண்டி, டைமிங் பார்க்க வேண்டும் என்றார்.

நான் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஊசியை ஏற்கெனவே கொடுத்திருந்தேன்.

“என்னங்க, மணி ஏழாவப் போவுது. சாமியார் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரா?”

“அஞ்சு நிமிசம், பிரிஜட்.”

“உங்க அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியும். ஒம்போதாம் நிலை வந்ததும் ஆளக் காணோம்னு எல்லாரும் திரும்பிப் பாக்கப் போறாங்க.”

கபீர் பாய் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். “தங்கச்சி துடிக்குது, முடிச்சு வுடுங்க லா.”

இஞ்ஞாசி மஞ்சள் துணியைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. பானெட்டை இறக்கினார். நான் ஊசியைக் கேட்கவில்லை. முக்காட்டை எடுத்து மறுபடி போட வேண்டுமே என்று கூட நினைக்கவில்லை. அந்த ஊசி என் நினைவிலேயே இல்லை.

கோவிலில் அவர் ஒன்பதாம் நிலையை வாசித்தார். இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். முழந்தாளிட்டு எழுந்தபோது என் கொண்டை சரிந்து கழுத்தில் விழுந்தது. முக்காட்டுக்குள் கையை விட்டு ஏற்றிக்கொண்டேன். மறுநாள் காலை கொண்டை போடும்போது கிண்ணத்தில் மூன்று ஊசிகள்தான் இருந்தன. ஒன்று கோவிலில் விழுந்திருக்கும் என்று மூன்றோடு முடிந்துகொண்டு பட்டறைக்கு வந்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு டாக்சிக்காரர் போன் செய்து எஞ்சின் கொதிக்கிறது என்றார். நான் பெரிய மெக்கானிக் மாதிரி, ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். கொதிநீர் பீறிட்டு அவர் கை வெந்துவிட்டது. இஞ்ஞாசி அதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று இரண்டு வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, “தெரியாததுக்குப் பதில் சொல்லாத, பிரிஜட். என்னக் கூப்புடு. நான் இல்லன்னா இருக்கச் சொல்லு” என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. இஞ்ஞாசி ஜாலான் புசாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போயிருந்தார். அடுப்பில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது, என் கையில் விளக்குமாறு.

“தங்கச்சி, கபீர் பேசறேன். இஞ்ஞாசி இருக்காரா?”

“ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போயிருக்காரு பாய். என்ன?”

“வண்டில ஒரு மஞ்ச வெளக்கு விட்டு விட்டு எரியுது. கண்ணச் சிமிட்டுற மாதிரி. வண்டியும் கொஞ்சம் மந்தமா இருக்கு.”

இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் எனக்கு அன்று எல்லாம் தெரியும்.

“புது வண்டின்னா ஆயிரம் வெளக்கு எரியும் லா. நேத்துதானே பாத்துக் குடுத்தாரு. ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க.”

“அவர் வர எவ்ளோ நேரமாவும்?”

“அரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல கியூ கட்டிரும். சனிக்கிழமை வேற.”

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டு வைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்டினேன்.

பத்தரை மணிக்கு இன்னொரு இ.எஃப்.ஐ. வண்டி வந்தது. இஞ்ஞாசி கையை நீட்டினார். நான் ஓர் ஊசியை உருவிக் கொடுத்தேன். நுனியைப் பார்த்தார்.

“இது இல்ல. சுரண்டுனது குடு.”

மற்ற இரண்டையும் உருவினேன். மூன்றும் நுனிவரை கறுப்பாக இருந்தன. என் முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. இஞ்ஞாசியின் முகம் எனக்குப் பிடிக்காத விதத்தில் மாறியது.

“நேத்து கடைசியாக் கபீர் பாய் வண்டி. உங்கிட்டத் திருப்பிக் குடுத்தேனா?”

“குடுத்திருப்பீங்க. கோயில்ல கொண்ட சரிஞ்சுச்சு. அங்கதான் விழுந்திருக்கும்.”

அவர் தனக்குத்தானே சொல்கிறவர் மாதிரி சொன்னார். “ஊசி உள்ள இருந்தா டேஷ்போர்டுல மஞ்ச வெளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கும். பாய் பாத்துருப்பாரு. அதப் பாத்துட்டு எனக்குப் போன் போடாமக் கெளம்ப மாட்டாரு.” என்னைப் பார்த்தார். “காலைல போன் ஏதாச்சும் வந்துச்சா?”

அவர் கை போனின் மேல் இருந்தது. அதற்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதிய நம்பர்கள். அதில் ஒன்று ஆயர் ஹீத்தாமில் சாலையோரக் காப்பிக் கடையுடையது. கபீர் பாய் போகும்போதெல்லாம் அங்கே நிறுத்தி ரொட்டி சாப்பிடுவார். ஒருமுறை டயர் வெடித்தபோது அங்கிருந்துதான் கூப்பிட்டார். பதினோரு மணிவாக்கில் அங்கே இருப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு போன் போட்டு, பானெட்டைத் திறந்து ஊசியை உருவிப் போடுங்கள் என்றால் முடிந்தது.

“இல்ல” என்றேன்.

“நெஜமா வரலயா?”

“வரலன்னா வரல. எத்தன தடவ கேப்பீங்க?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். டாக்சிக்காரருக்குப் பிறகு இன்னொரு முறை அவர் முன்னால் தலை குனிய எனக்கு மனமில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் என்னை நம்பினார். போனிலிருந்து கையை எடுத்தார். ஒரு செம்புக் கம்பியை நசுக்கி வளைத்து, அந்த வண்டிக்கு டைமிங் வைக்கப் போனார்.

பதினொன்று பத்துக்கு நான் போனை எடுத்தேன். நம்பரைச் சுழற்ற விரலையும் வைத்தேன். இஞ்ஞாசி வண்டிக்குப் பக்கத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். நான் கைத்துணியால் போனைத் துடைத்துவிட்டு வைத்துவிட்டேன். பதினொன்றரைக்கு மறுபடி அதன் பக்கத்தில் போய் நின்றேன். அதற்குள் பாய் அந்தக் காப்பிக் கடையைவிட்டுக் கிளம்பியிருப்பார்.

மூன்று மணிக்குத் தேங்காய் வாங்கக் கெர்பாவ் ரோட்டுப் பக்கம் போனேன். கபீர் பாய் கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. வாசலில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி மைமூன் அக்காவின் அழுகுரல் தெருவுக்குக் கேட்டது. நான் கிட்டப் போகவில்லை. போகாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆயர் ஹீத்தாமைத் தாண்டி யோங் பெங் போகும் வழியில் பாய் மரக்கட்டை லாரி ஒன்றை வெட்டி முந்தப் பார்த்திருக்கிறார். எதிரே பஸ். லாரிக்காரர் போலீஸில் சொன்னதை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஏறி வந்த வண்டி முன்னால் போகவே இல்லையாம். அந்த மனுஷர் மிதித்துக்கொண்டுதான் இருந்தார், வண்டி அப்படியே பக்கத்திலேயே நின்ற மாதிரி இருந்தது என்றாராம்.

அன்று மாலை இஞ்ஞாசி பட்டறையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். “நல்லவேள போன் வரல” என்றார். “வெளக்கு எரிஞ்சிருந்தா பண்ணியிருப்பாரு. இல்லன்னா நான்தான் அந்த மனுசனக் கொன்னேன்னு ஆயிருக்கும்.” நான் உலையில் அரிசி போட வேண்டும் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஈஸ்டர் பாஸ்காவுக்கு நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். கபீர் பாயை அடக்கம் செய்த மறுநாள் ஒரு தடவை துக்கம் கேட்கப் போனதோடு சரி, மைமூன் அக்காவைப் பார்க்கவும் போகவில்லை. அவர் கணவர் இறந்தால் இருக்கும் இத்தாவில் இருந்தார். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். அந்த நாட்களை நானும் எண்ணினேன். ஒவ்வொரு நாள் கழியும்போதும், அவர் வெளியே வரும் நாள் ஒரு நாள் கிட்டே வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆகஸ்ட் முதல் வாரம். அடுக்குமாடி பிளாக்குகளில் தேசிய தினத்துக்குக் கொடி தொங்கவிட்டிருந்தார்கள். மைமூன் அக்கா பட்டறைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். இஞ்ஞாசி பின்னால் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கைப்பைக்குள்ளிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து, மேசைமேல் என் முன்னால் பிரித்தார்.

“போலீஸ்காரங்க வண்டில கெடந்ததயெல்லாம் பொறுக்கிக் குடுத்த பையில இருந்துச்சு, பிரிஜட். அவரு தொப்பி, கடிகாரம், சாவி, அதுகூட இது.”

ஒரு கொண்டை ஊசி. அதன் ஒரு கால் கோணியிருந்தது. இரண்டு நுனியிலும் வண்ணம் சுரண்டியிருந்தது.

“எங்க வூட்டுல கொண்ட போடுறவங்க யாரும் இல்ல. எம் பொண்ணுங்களுக்கும் பின்னல்தான்.” அவர் குரல் அடங்கியிருந்தது. “மாசா மாசம் தனியாத்தான் மூவார் போவாரு. நானும் வரேன்னு சொன்னா, கடைய யாரு பாத்துக்குவாம்பாரு. இத்தாவுல ஒக்காந்து துவா செய்யக் கைய ஏந்துனா இந்த ஊசிதான் கண்ணு முன்னால வருது. மவுத்தாப் போன மனுசன நாலு மாசமா வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கேன். யாருகிட்ட இதக் கேப்பேன்? நீ பொம்பள, கொண்ட போடுறவ. இது எந்த ஊரு ஊசி, எந்த மாதிரி பொம்பள வைக்கிறதுன்னு சொல்லு.”

என் தலையில் மூன்று ஊசிகள் இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. தெரியாது அக்கா என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

இஞ்ஞாசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலாக அந்த ஊசியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பி நுனியைப் பார்த்தார்.

“அக்கா” என்றார். “இது என் வீட்டு ஊசி. டைமிங் வைக்க நான்தான் வண்டில சொருகுனேன். எடுக்க மறந்துட்டேன். இது உள்ள இருந்தா வண்டி இழுக்காது. பாய் மேல ஒரு தப்பும் இல்ல. மூவார்ல யாரும் இல்ல. உங்க வீட்டுக்காரர நான்தான்…” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஐந்து மாதமாகச் சொல்ல முடியாததை அவர் தெரிந்த அந்த நிமிடமே சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மைமூன் அக்கா அந்த ஊசியையே பார்த்தார். “யாரும் இல்லயா?” என்று கேட்டார். “யாருமே இல்லயா?” பிறகு வாய்விட்டு அழுதார். எங்களைத் திட்டவில்லை. செத்துப்போன தன் கணவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அழுதார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அழுகை ஓய்ந்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

“அந்த மஞ்ச வெளக்கும் இதனாலதானாம்மா? அன்னைக்குக் காலைல ஒனக்குப் போன் பண்ணாரே. நான் பக்கத்துலதான் நின்னேன். தங்கச்சி ஒண்ணுமில்ல போய்ட்டு வாங்கங்குதுன்னு சொல்லிட்டுத்தான் பிஸ்மி சொல்லி வண்டில ஏறுனாரு.”

இஞ்ஞாசி தரையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து, அந்த ஊசியை மஞ்சள் துணியில் பன்னிரண்டாவது சாமானுக்குப் பக்கத்தில் வைத்தார். மைமூன் அக்காவைக் கெர்பாவ் ரோடுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அன்றும் எதுவும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

இப்போது எண்பத்தொன்பது டிசம்பர். அவர் இன்னும் அதே ரோவல் ரோட்டில்தான் வேலை செய்கிறார். பானெட்டை மூடுமுன் பதிமூன்று என்று எண்ணுகிறார். என்னிடம் பேசுகிறார், நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு என்னோடு வருகிறார். போன் அடித்தால் மட்டும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து கிரீஸ் கையோடு வந்து அவரே எடுக்கிறார்.